இருவருக்கு ஒரு லென்ஸ்

திண்டுக்கல்லில் பறவைகளைப் படமெடுக்கும் பெண்கள் எத்தனை பேர் என்று யாரும் கணக்கெடுத்ததில்லை. முஹ்சினாவுக்குத் தெரிந்தவரை இருவர்தான். ஒருத்தி அவளே. மற்றவள் நாகல்நகரில் மருந்துக்கடை வைத்திருக்கும் அறிவுச்செல்வி. இந்த இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு பெரிய லென்ஸ் இருந்தது.

அவர்கள் அறிமுகமானதே ஒரு லென்ஸின் பெயரால்தான். மகள் பாஸிலாவின் காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கப் போயிருந்தாள் முஹ்சினா. தோளில் கேமராப் பை தொங்கியது. கல்லாவுக்குப் பின்னால் நின்ற அறிவு, மருந்துச் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, சீட்டைப் பார்க்காமல் பையைப் பார்த்து, "என்ன லென்ஸு?" என்று கேட்டாள். அதன்பின் மாத்திரை கைக்கு வர வெகுநேரமாயிற்று. முஹ்சினா வீடு திரும்பியபோது காய்ச்சல் தன்பாட்டுக்கு இறங்கத் தொடங்கியிருந்தது.

பெரிய லென்ஸைப் பாதிக்குப் பாதி போட்டு வாங்கினார்கள். முழங்கை நீளம், கைக்குழந்தையின் கனம். அதற்குப் 'பெரியவன்' என்று பெயர் வைத்தார்கள். பூஞ்சை பிடிக்காமலிருக்க அது காற்றுப் புகாத முறுக்கு டப்பாவுக்குள் குடியிருந்தது. மாத்திரைப் புட்டிகளுக்குள் ஈரத்தை உறிஞ்சுவதற்காகப் போட்டுவரும் சின்னச் சின்னப் பொட்டலங்களை அறிவு சேர்த்துவைத்து அந்த டப்பாவை நிரப்பியிருந்தாள். 'உண்ணக் கூடாது' என்று அச்சிட்ட பொட்டலங்களின் மேல் பெரியவன் மெத்தையில் படுத்தவன்போல் படுத்திருப்பான். ஒரு வாரம் இவள் வீடு, மறு வாரம் அவள் வீடு. நோன்பு மாதம் முழுவதும் அறிவு வீட்டில் இருப்பான். தைப்பூசத்துக்கு அறிவின் குடும்பம் பழனிக்கு நடக்கும் நாட்களில் முஹ்சினா வீட்டில் இருப்பான்.

எல்லா ஞாயிறும் விடிந்ததும் இருவரும் அறிவின் ஸ்கூட்டரில் வடமதுரைப் பக்கத்துக் குளங்களுக்குப் போவார்கள். முக்காலி ஒன்று வாங்கிப் பார்த்தார்கள். கரைச் சேற்றில் அதன் கால்கள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஆழத்துக்கு இறங்கின. அதிலிருந்து தோள்தான். யாருடைய முறையோ அவள் பின்னால் அமர்ந்து படமெடுப்பாள். மற்றவள் முன்னால் சம்மணமிட்டு, இடது தோளில் மடித்த துண்டைப் போட்டுக்கொண்டு, பெரியவனை அதில் தாங்குவாள். பின்னாலிருப்பவள் "ம்" என்றதும் முன்னாலிருப்பவள் மூச்சை நிறுத்த வேண்டும். படம் எடுத்து முடித்ததும் விடலாம். பல ஆண்டுப் பழக்கத்தில் அறிவின் மூச்சு எவ்வளவு நேரம் தாங்கும் என்பது முஹ்சினாவின் விரலுக்கே தெரிந்திருந்தது.

பேகம்பூரில் கணவர் இஷாக்கின் தோல் வியாபாரத்தில், வந்திறங்கும் தோல்களைத் தரம் பிரிப்பது முஹ்சினாவின் வேலை. உண்ணி கடித்த தழும்பு, வேலிமுள் கிழித்த கீறல் ஆகியவற்றைத் தேடித் தேடியே பழகிய கண் அது. படங்களையும் அவள் அப்படித்தான் பார்த்தாள். பறவையின் கண்ணைப் பெரிதாக்கிப் பார்ப்பாள். கண் கூர்மையாக இல்லையென்றால், சிறகு எவ்வளவு அழகாக விரிந்திருந்தாலும் அழித்துவிடுவாள். ஒருவருக்கொருவர் படம் அனுப்புவதற்கும் அவளே ஒரு விதி வகுத்திருந்தாள். வாட்ஸ்அப்பில் படத்தைப் படமாக அனுப்பினால் அது சுருங்கிப்போகும், கண் கலங்கிவிடும். ஆகவே டாக்குமெண்டாக மட்டுமே அனுப்ப வேண்டும். அப்போதுதான் கேமராவில் பதிந்தது பதிந்தபடியே போய்ச் சேரும்.

அவளுக்கு அடங்காத பறவை ஒன்று உண்டு: கருப்பு வெள்ளை மீன்கொத்தி. நீருக்கு மேலே ஓரிடத்தில் சிறகடித்தபடி நின்று, கண் இமைப்பதற்குள் தலைகீழாகப் பாயும். அவளுடைய பழைய கேமரா ஒவ்வொரு முறையும் பறவையை விட்டுவிட்டுப் பின்னாலிருந்த கருவேலமரத்தைக் கூர்மையாக எடுத்துக் கொடுத்தது. முஹ்சினாவிடம் உலகத்திலேயே கூர்மையான கருவேலமரங்களின் தொகுப்பு ஒன்று சேர்ந்திருக்கும், அவள் மட்டும் அழிக்காமலிருந்தால்.

அந்த வாரம் இஷாக் வியாபார வேலையாக மதுரைக்குப் போனபோது அவளும் கூடப் போனாள். அவர் பேசி முடிக்கட்டும் என்று, சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று, ஒரு கேமராக் கடைக்குள் நுழைந்தாள். கேமராக் கடைக்குள் சும்மா பார்க்கப் போனவர்கள் உண்டா என்பது வேறு விஷயம். பறவையின் கண்ணைத் தானே கண்டுபிடித்து விடாமல் துரத்தும் புதுக் கேமரா அங்கே இருந்தது. போன வருட மாடல், சீல் உடைக்காத பெட்டி. கூடவே ஒரு சின்ன லென்ஸ். பழைய கேமராவை அப்போதே கொடுத்தால் கழித்துக்கொள்வதாகக் கடைக்காரர் சொன்னார். பழைய கேமரா பையிலேயே இருந்தது.

ஒரே ஒரு சிக்கல். அது வேறு கம்பெனி. ஒரு கம்பெனியின் லென்ஸை இன்னொரு கம்பெனியின் கேமராவில் மாட்ட முடியாது. பெரியவன் அதில் பொருந்த மாட்டான். இது முஹ்சினாவுக்குத் தெரியும். தெரிந்தேதான் வாங்கினாள்.

பேருந்தில் திரும்பி வரும்போதுதான் அறிவின் நினைவு வந்தது. லென்ஸ் போனால் போகட்டும். ஆனால் அவளுக்குப் பெரியவன் தேவையில்லை என்று தெரிந்தால், பாதி லென்ஸை வைத்துக்கொண்டு அறிவு என்ன செய்வாள்? விற்றுவிடலாம் என்பாள். பெரியவன் இல்லையென்றால் தோள் எதற்கு? தோளுக்கு வேலையில்லையென்றால், வாரம் முழுவதும் கடையில் நின்றே கால் வீங்கிய ஒருத்தி ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் எழுந்து ஸ்கூட்டரை எடுப்பானேன்? முஹ்சினா அந்தக் கேள்வியை அங்கேயே நிறுத்தினாள். நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தாள். எப்போது என்று முடிவு செய்யவில்லை.

சொல்வதற்கு முன்பே ஒரு பஞ்சுருட்டான் குருவி வந்துவிட்டது. மொட்டைமாடித் துணிக்கொடியில், கைக்கெட்டும் தூரத்தில், வாயில் ஒரு தட்டானோடு அமர்ந்தது. புதுக் கேமரா அதன் கண்ணின் மேல் ஒரு சின்னப் பச்சைச் சதுரத்தைப் போட்டு, பறவை தலையைத் திருப்பிய பக்கமெல்லாம் கூடவே திரும்பியது. பெரிதாக்கிப் பார்த்தால், அந்தச் சிவந்த கண்ணுக்குள் மொட்டைமாடியின் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. இதைத் தனியாக ரசிக்க முஹ்சினாவால் முடியவில்லை. கை தானாகவே அறிவுக்கு அனுப்பிவிட்டது.

வழக்கமாக உடனே வரும் பதில் அன்று தாமதித்து வந்தது. "கண்ணு கூர்மை" என்று மட்டும் இருந்தது. கொஞ்சம் கழித்து இன்னொன்று: "சனிக்கிழமை வந்து பெரியவன வாங்கிக்க."

சாயங்காலத் தேநீரின்போது பாஸிலாவிடம் படத்தைக் காட்டினாள்.

"செமையா இருக்கும்மா. அறிவு அத்தைக்கு அனுப்புனியா?"

"அனுப்பாம? டாக்குமெண்டாத்தான் அனுப்புனேன். கண்ணு அப்படியே இருக்கும்."

பாஸிலா தேநீர்க் குவளையைக் கீழே வைத்தாள். "அப்ப புதுக் கேமராவப் பத்தி அவங்ககிட்டச் சொல்லிட்டியா?"

"இல்ல. நேர்ல சொல்லுவோம்னு..."

"எம்மா! டாக்குமெண்டா அனுப்புனா கண்ணு மட்டுமா அப்படியே போகும்? எந்தக் கேமரா, எந்த லென்ஸு, எல்லாம் அதுக்குள்ளயே எழுதியிருக்கும். தட்டிப் பாத்தா தெரியும். சாதாரணமா போட்டோவா அனுப்பிருந்தா அதெல்லாம் அழிஞ்சிருக்கும்."

"அவ அதையெல்லாமா பாப்பா?"

"அவங்க பாக்காம வேற யாரு பாப்பா? நாளைக்கு என் கல்யாண ஆல்பத்தக் குடுத்தாலும் மாப்பிள்ளையப் பாக்க மாட்டாங்க, என்ன லென்ஸுன்னுதான் பாப்பாங்க."

இஷாக் செய்தித்தாளை இறக்கினார். "ஒன் ஒழுங்கே ஒன்னையக் காட்டிக் குடுத்துருச்சே, முஹ்சினா" என்று சொல்லிவிட்டு, மீண்டும் செய்தித்தாளைத் தூக்கிக்கொண்டார். தாளுக்குப் பின்னால் அவர் தோள்கள் குலுங்கின.

சனிக்கிழமை கடைக்குப் போகும்போது முஹ்சினா சொற்களை வரிசைப்படுத்திக்கொண்டுதான் போனாள். ஆனால் மருந்துக்கடை அந்தரங்கம் பேசுவதற்கான இடமன்று. "அறிவு, ஒரு விஷயம்" என்று அவள் தொடங்கிய போதெல்லாம் யாருக்காவது இருமல் வந்தது. ஒருவர் இருமல் மருந்தைத் தித்திப்பாகக் கேட்டார். ஓர் அம்மாள் முதல்நாள் வாங்கிய களிம்பைத் திருப்பித் தர வந்தார், பாதி காலியாகியிருந்தது. அறிவு எல்லாருக்கும் பதில் சொல்லிவிட்டு, கீழ்த்தட்டிலிருந்து முறுக்கு டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தாள். உள்ளே பொட்டலங்கள் எல்லாம் புதிதாக மாற்றப்பட்டிருந்தன.

"பாத்து எடுத்துட்டுப் போங்க" என்றாள்.

இத்தனை ஆண்டுகளில் அறிவு அவளை 'ங்க' போட்டுப் பேசியதில்லை. முஹ்சினா டப்பாவை வாங்கிக்கொண்டாள். அதை அணைத்தபடி கடைப்படி இறங்கினாள்.

ஞாயிறு விடிந்ததும் ஸ்கூட்டர் வாசலில் வந்து நின்றது. வழக்கம்போல் ஆரன் அடிக்கவில்லை, வெறுமனே நின்றது. முஹ்சினா ஏறிக்கொண்டாள். மடியில் டப்பா, தோளில் புதுக் கேமரா இருந்த பழைய பை. சிறுமலை வலது புறத்தில் பனிக்குள் பாதி மறைந்திருந்தது. வழியெங்கும் அறிவு பேசியது ஒரே ஒரு வாக்கியம், அதுவும் முன்னால் போன லாரிக்காரரிடம்.

குளக்கரையில் மலைச்சாமி ஆடுகளை விட்டிருந்தார். இவர்களை முதன்முதலில் பார்த்தபோது, நாலுவழிச் சாலைக்கு நிலம் அளக்க வந்தவர்கள் என்று நினைத்துச் சண்டைக்கு வந்தவர் அவர். குருவி பார்க்கத்தான் வருகிறார்கள் என்பதை நம்ப அவருக்கு ஒரு மழைக்காலம் ஆயிற்று. நம்பிய பிறகு மரியாதை கொஞ்சம் குறைந்துவிட்டது.

"என்னத்தா, ரெண்டு பேரும் மொகத்தத் தூக்கி வச்சிருக்கீக? குருவி எதுவும் ஒங்கள வையுதா?"

"நீங்க ஆட்டப் பாருங்கண்ணே" என்றாள் அறிவு.

வழக்கமான இடத்துக்கு வந்தார்கள். நீருக்குள் பட்டுப்போன கிளை ஒன்று நீண்டிருந்தது. அதன் நுனியில் கருப்பு வெள்ளை மீன்கொத்தி உட்கார்ந்து குளத்தை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தது.

"அறிவு, இன்னைக்கு நீ எடு. நான் தோளுக்கு உக்காருறேன்" என்றாள் முஹ்சினா.

"ஒன் முறை. முறைன்னா முறைதான்."

அறிவு கரைச் சரிவில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். பையிலிருந்து துண்டை எடுத்தாள். மடித்தாள். இடது தோளில் போட்டுக்கொண்டாள். முதுகைக் காட்டியபடி, குளத்தைப் பார்த்தபடி, காத்திருந்தாள்.

முஹ்சினா டப்பாவைத் திறந்து பெரியவனை ஒரு கையில் எடுத்தாள். மறு கையில் கேமராவை எடுத்தாள். இரண்டையும் பார்த்தாள். அந்தத் தோள் அசையாமல் காத்திருந்தது. துண்டு நன்றாகத் துவைத்து மடித்த துண்டு. கோபத்திலும் அறிவு அதைத் துவைக்க மறக்கவில்லை.

"அறிவு."

"ம்."

"இது இதுல மாட்டாது."

"தெரியும்."

"ஒனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்."

"பெறகு என்னத்துக்கு நேத்து டப்பாவ வாங்கிட்டுப் போன?"

"நீ வாங்க போங்கன்னு பேசுனியா, பயந்துபோயி வாங்கிட்டேன்."

தோள் லேசாக அசைந்தது. ஆனால் அறிவு திரும்பவில்லை.

"கேமராவ மாத்துனதுக்கு நான் ஒண்ணும் சொல்லலடி" என்றாள் அறிவு, குளத்தைப் பார்த்தபடியே. "மாத்துனா மாத்திக்க. அந்த மாடல நானுந்தான் எம்புட்டு நாளா போன்ல பாத்துக்கிட்டுக் கெடக்கேன். ஆனா கடைக்கு என்னையக் கூப்புடலயே நீ. சீல ஒடச்சு, பொட்டியத் தொறந்து, தெரை மேல ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக்க உரிப்பாகள்ல? அப்ப கூட ஒரு ஆளு வேணாமா? யாரு இருந்தா ஒன்கூட?"

"கடைக்காரரு."

"அவருக்கு என்ன தெரியும்? அவரு தெனமும் உரிக்கிறாரு."

முஹ்சினா கையிலிருந்த கேமராவைப் பார்த்தாள். அந்தப் பிளாஸ்டிக்கை உரித்தபோது பக்கத்தில் திரும்பிப் பார்த்ததும், அங்கே யாரும் இல்லாததும் அவளுக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"ஒன்னையக் கூப்புட்டிருந்தா வேணாம்னுருப்ப."

"வேணாம்னு சொல்லிட்டு வாங்க வச்சிருப்பேன். எப்பவும் அதானே செய்யுறேன்?"

"எனக்கு அது தேவையில்லன்னு தெரிஞ்சா பெரியவன நீ வித்துருவன்னு நெனச்சேன்." முஹ்சினாவின் குரல் சற்று இறங்கியது. "வித்துட்டா, ஞாயித்துக்கெழம நீ எதுக்கு வரப்போற?"

இப்போதுதான் அறிவு திரும்பினாள். முஹ்சினாவை மேலும் கீழும் பார்த்தாள், காலாவதியான மருந்தின் தேதியைப் பார்ப்பதுபோல.

"ஏண்டி, ஞாயித்துக்கெழம நான் இங்கிட்டு வந்துருறேன்னு எங்க வீட்டுல அவரு தோச ஊத்தப் பழகிக்கிட்டாரு. இப்பத்தான் வட்டமா வருது. அதப்போயிக் கெடுக்கச் சொல்றியா?"

முஹ்சினா சிரிக்கவில்லை, சிரித்தால் கண்ணீரும் சேர்ந்து வந்துவிடும் போலிருந்தது. அறிவு கைப்பையைத் திறந்து, மருந்து போட்டுக் கொடுக்கும் காகித உறை ஒன்றை எடுத்து நீட்டினாள். உள்ளே கருப்பு உலோக வளையம் ஒன்று இருந்தது. ஒரு பக்கம் பெரியவனுக்கு, மறுபக்கம் புதுக் கேமராவுக்கு.

"ஒன் பஞ்சுருட்டான் வந்துச்சுல்ல, அன்னைக்கே ஆர்டர் போட்டேன். கோவத்துலதான் போட்டேன். அதனால நல்லதாப் பாத்து வாங்கல. வெறும் வளையம்."

வெறும் வளையம் என்பதன் பொருள் விரைவிலேயே தெரிந்தது. பெரியவன் வளையத்திலும், வளையம் கேமராவிலும் கச்சிதமாக மாட்டிக்கொண்டன. ஆனால் இரண்டுக்கும் இடையே மின்தொடர்பு இல்லை. கைக்குழந்தையின் கனமுள்ள லென்ஸைச் சுமந்துகொண்டே, லென்ஸ் எதுவும் மாட்டப்படவில்லை என்று கேமரா அறிவித்தது. எங்கோ ஓர் அமைப்பைத் தேடி மாற்றி, லென்ஸ் இல்லாமலும் படமெடுக்க அதைச் சம்மதிக்க வைத்தாள் முஹ்சினா. கண்ணைத் துரத்தும் பச்சைச் சதுரம் வரவில்லை. கை நடுக்கத்தைச் சரிசெய்ய லென்ஸுக்குள் இருந்த ஏற்பாடும் வேலை செய்யவில்லை. எதற்காகப் புதுக் கேமரா வாங்கினாளோ அது ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சரியாக இருந்தது.

"கையாலதான் திருகணும். ஆடவே கூடாது" என்றாள்.

"ஆடாது" என்று சொல்லி, அறிவு மீண்டும் குளத்தின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

பெரியவன் துண்டின்மேல் அமர்ந்தான். முஹ்சினா கண்ணை வைத்தாள். மங்கலாக ஒரு கருப்பு வெள்ளைக் கறை. லென்ஸின் வளையத்தைத் திருகத் திருக அது அலகாயிற்று, கொண்டையாயிற்று. மீன்கொத்தி கிளையை விட்டு எழுந்தது. நீருக்கு மேலே வந்து, காற்றில் ஆணியடித்ததுபோல் நின்று, சிறகடித்தது. முஹ்சினாவின் இடக்கை மயிரிழை மயிரிழையாக நகர்ந்தது. கண் இன்னும் வரவில்லை. வரப்போகிறது. வந்துவிட்டது.

"ம்."

அறிவின் மூச்சு நின்றது. தோள் பாறையாயிற்று.

"ஏத்தா!" என்று பின்னாலிருந்து மலைச்சாமியின் குரல் கேட்டது. "ஒரு குருவியப் பாக்க ஒருத்தி மூச்ச விடாம கெடக்கணுமா? அய்யலூர்ச் சந்தையில ஆட்டுக்குப் பல்லப் புடிச்சுப் பாக்கறவன்கூட மூச்சு விட்டுக்கிட்டுத்தான் பாக்குறான்!"

மூச்சை அடக்கியிருப்பவள் சிரிக்கக் கூடாது. அறிவு சிரித்தாள். சத்தமில்லாமல், ஆனால் தோள் முழுவதுமாக. மீன்கொத்தி பாய்ந்தது. முஹ்சினாவின் விரலும் அதே கணத்தில் அழுத்திவிட்டது. நீர் தெறித்தது, பறவை அலகில் மீனோடு மேலெழுந்து, அக்கரையை நோக்கிப் பறந்தது.

"நல்லாயிருப்பீக, போங்கண்ணே!" என்று அறிவு கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நான் என்னத்தா பண்ணேன்?" என்று மலைச்சாமி ஆடுகளைக் கேட்டார்.

இருவரும் தலையோடு தலை சேர்த்துத் திரையைப் பார்த்தார்கள். தலைகீழாகப் பாயும் பறவை, நீரைத் தொடப்போகும் அலகு, படச்சட்டத்தின் நடுவில், இதுவரை ஒருமுறையும் கிடைக்காத கணம். முஹ்சினா பெரிதாக்கினாள். கண்ணைத் தேடினாள். கண் இரண்டு கண்ணாகத் தெரிந்தது, சிரிப்பில் ஆடிய அளவுக்கு. அவளுடைய கட்டைவிரல் பழக்கத்தில் அழிக்கும் பொத்தானை நோக்கி நகர்ந்தது. அங்கே போய் நின்றது. பிறகு திரும்பி வந்துவிட்டது. அறிவு அதைப் பார்த்தாள்.

"செத்த நேரம் இருப்போம். திரும்பி வரும்" என்று மட்டும் சொல்லி, துண்டைச் சரிசெய்துகொண்டாள். வெயில் ஏறும்வரை இருந்தார்கள். மீன்கொத்தி வரவில்லை.

வீடு திரும்பியதும் முஹ்சினா முதல் வேலையாகப் படத்தை அறிவுக்கு அனுப்பினாள், டாக்குமெண்டாக. பதில் உடனே வந்தது.

"கேமரா பேரு வருது. லென்ஸ் பேரு இருக்க வேண்டிய எடத்துல வெறும் கோடு போட்டிருக்கு."

"பெரியவன் யாருன்னு கேமராவுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்ல?" என்று முஹ்சினா எழுதினாள்.

"கண்ணு மங்கல்" என்று வந்தது. அதைத் தொடர்ந்து, "அழிச்சுராத." அவள் பதில் எழுதுவதற்குள் இன்னொன்றும் வந்தது.

"பொங்கல் கழிச்சு நானும் அதே கேமரா வாங்கப் போறேன். நீ வந்து நின்னாத்தான் பிளாஸ்டிக்க உரிப்பேன்."